நாற்பத்தோரு விதி எதற்கு, மல்லிகா?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும், உன் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதி என் கருத்தைக் கேட்டு நீ அனுப்பிய விதிப் பட்டியலும் கிடைத்தன. முதலில், தலைமையாசிரியை ஆனதற்கு வாழ்த்து. நம் தோழி சங்கரியிடம் சொன்னேன், "ஹெச்.எம். அம்மா நாற்காலி கடைசியில் இவளுக்குத்தானா!" என்று போனிலேயே கத்தினாள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மீதி முழுக்க உன் பட்டியலைப் பற்றித்தான்; நீ கேட்டதும் அதுதானே.

நாற்பத்தோரு விதி எழுதியிருக்கிறாயடி! அன்றைக்கு லெசன் பிளான் நோட்டில் மார்ஜின்கூட விடாமல் எழுதியவள் ஆயிற்றே. ஆனால் காலை 9.10-க்கு வாசலில் நிற்கப் போவது நீயும் விளையாட்டு ஆசிரியர் பி.இ.டி. சாரும் மட்டும். இரண்டு பேர் தினமும், வருஷம் முழுக்க, எந்தப் பிள்ளைக்கும் வித்தியாசம் காட்டாமல் பார்க்க முடிகிற விதிகளை மட்டும் வைத்துக்கொள். ஜூனில் பிடித்துவிட்டு ஆகஸ்டில் கைவிடுகிற விதியை வைக்காமலே இருக்கலாம். அதில் மாட்டுகிற பையன் "என்னை மட்டும் ஏன் சார்?" என்று கேட்பான். அவன் கேட்பது நியாயம். பத்து விதி போதும், ஒரு தாளின் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் பார்ப்பது, மீறினால் என்ன நடக்கும், அந்த நடவடிக்கை எப்போது முடியும் என்ற மூன்றையும் எழுது. உன் பட்டியலில் இந்த மூன்றும் எங்குமே இல்லை.

செல்போனுக்கு வருகிறேன். "செல்போன் கொண்டுவரக் கூடாது" என்ற ஒற்றை வரியோடு விட்டிருக்கிறாய். பிள்ளை ஏன் கொண்டுவருகிறது என்று பார். கடைசி பஸ் எப்போது வரும் என்று தெரியாது, அம்மா மில் ஷிப்டில் இருக்கிறார், டியூஷன் முடிந்து இருட்டில் நடக்க வேண்டும். இந்தக் காரணங்கள் இருக்கிறவரை போன் பைக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். முழுத் தடை போட்டால் அது டிபன் பாக்சுக்கு அடியில் போகும், சாக்ஸுக்குள் போகும். 2025 தொடக்கத்தில் டில்லி உயர் நீதிமன்றமும், பள்ளிக்கு ஸ்மார்ட்போன் கொண்டுவருவதை அடியோடு தடுப்பது சரியாக இராது, முடிந்த இடத்தில் காலையிலேயே வாங்கி வைத்து மாலையில் கொடுங்கள் என்றுதான் சொன்னது. அதற்காக வகுப்பில் போன் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை கவனம் கலைந்தால் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம்வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கையில் இருக்கிறது. நம் பீரியடே 40, 45 நிமிடம்தானே!

ஆகவே இப்படிச் செய். போன் தேவைப்படுகிற பிள்ளையின் பெற்றோர் அரைத்தாளில் ஒரு விண்ணப்பம் தரட்டும்: காரணம், போனின் கம்பெனி, நிறம், ஐ.எம்.இ.ஐ. எண், கையெழுத்து. ஐ.எம்.இ.ஐ. என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்; *#06# அழுத்தினால் திரையில் வந்துவிடும். ஒப்படைக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வகுப்புக்கு வகுப்பு மேஜை டிராயரில் வைத்தால் முதல் வாரமே ஒன்று காணாமல் போகும். கெட்டியான காடாத்துணியில் பை தைக்கச் சொல், 5 வரிசை, வரிசைக்கு 8 பாக்கெட். தைத்து முடித்த பாக்கெட் 10 செ.மீ. அகலம், 14 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். இப்போதைய போன்கள் 16 செ.மீ.க்கு மேல் நீளம் என்பதால் தலை மட்டும் வெளியே தெரியும். எந்தப் பாக்கெட் காலி என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். துண்டு வெட்டும்போது அகலத்தை 13 செ.மீ. வைக்கச் சொல், இல்லையென்றால் கவர் போட்ட போன் நுழையாது. பாக்கெட்டுக்கு ஒரு எண், அதே எண்ணில் ஒரு டோக்கன் பிள்ளையிடம். பை முழுக்க ஸ்டீல் பீரோவுக்குள் தொங்கட்டும். ஒரு சாவி அலுவலக உதவியாளரிடம், இன்னொன்று உன்னிடம்.

சைலண்டில் போட்டு வாங்காதே, சுவிட்ச் ஆஃப் செய்து காட்டச் சொல். சைலண்டில் கிடந்தாலும் அலாரம் அடிக்கும், பீரோவுக்குள்ளிருந்து பாட்டு வரும். சார்ஜ் போட்டுத் தருவதாக யாரும் ஒத்துக்கொள்ள வேண்டாம். பதிவேட்டில் கீறல், உடைந்த கண்ணாடி இருந்தால் அதையும் எழுதி, பிள்ளையிடம் சுருக்கொப்பம் வாங்கு. வருகிற தகராறில் பாதிக்கு மேல் "காலையில் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்கிற வகைதான். திருப்பிக் கொடுப்பதை நீண்ட மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கு, பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு முதலில். ஒருநாள் பஸ் தவறினால் போதும், மறுநாள் அந்தப் பிள்ளை போனை ஒப்படைக்காது. அரை நாளில் வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு வெளியேறும் சீட்டோடு சேர்த்துப் போனையும் கொடுக்க ஒரு ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்று, அலுவலக எண்ணை யாராவது எடுக்க வேண்டும். "அவசரம் என்றால் பள்ளிக்குக் கூப்பிடுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தால் ஒட்டுமொத்த ஏற்பாடும் ஒரே மாதத்தில் சரிந்துவிடும். 9 முதல் 5 வரை யார் எடுப்பது என்று பெயர் போட்டு எழுதி வை.

ஒப்படைக்காத போன் பிடிபட்டால்? முதல் தடவை மாலைவரை வைத்திருந்து பிள்ளையிடமே கொடு. இரண்டாம் தடவை பெற்றோரிடம் கொடு. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவரை வேலை நேரத்தில் வரச் சொல்லாதே. ஒருநாள் சம்பளம் போகும், அந்தக் கோபம் பிள்ளை முதுகில் இறங்கும். காலை 8.30-க்கோ மாலை 5-க்குப் பிறகோ வரட்டும். மூன்றாம் தடவை ஒரு மாதத்துக்கு அனுமதி ரத்து. அபராதம் வேண்டாம், பரீட்சைவரை பிடித்து வைத்துக்கொள்வதும் வேண்டாம். நம் பொருள் இல்லை அது.

இனி எழுதுவதை உன் ஆசிரியர் கூட்டத்தில் அப்படியே வாசி. பிடிபட்ட போனைத் திறக்கக் கூடாது, கேலரியைப் பார்க்கக் கூடாது. அதில் ஒரு பெண் பிள்ளையின் மோசமான படம் இருக்கிறது என்று தெரியவந்தால் தேடிப் பார்ப்பதோ, "ஹெச்.எம்.முக்குக் காட்டத்தான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ கூடவே கூடாது. சிறாரின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். அனுப்பியவர் ஆசிரியர் என்பதால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. போனை ஒரு உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இரண்டு ஆசிரியர்கள் கையெழுத்தும் நேரமும் போடட்டும். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தகவல் சொல்வது கட்டாயம். மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை. "பள்ளி பேர் கெட்டுப்போகும், உள்ளுக்குள்ளே பேசி முடிப்போம்" என்று யாராவது பெரிய மனிதர் வருவார். அவரை உட்காரக்கூட வைக்காதே, மல்லிகா. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர் ஸ்டாஃப் ரூம்வரைகூடப் போகக் கூடாது.

ஆசிரியர்கள் விஷயத்தையும் நீதான் பேசியாக வேண்டும். வருகைப் பதிவுக்குச் செயலி, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்துக்கு விவரம் என்று அவர்கள் போனோடுதான் வகுப்புக்குப் போகிறார்கள். பதிவு முடிந்ததும் போன் பைக்குள் போகட்டும். பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதை நிறுத்தச் சொல். விதியை இப்படி எழுது: "பள்ளி வளாகத்தில் அனுமதி இல்லாமல் யாரும் யாரையும் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது." யாரும் என்றால் நாமும்தான். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பழக்கத்தையும் விட வேண்டும். மாலை 4-க்குள் கரும்பலகையில் எழுதினால் முடிந்தது. இரவு 9 மணிக்கு நாமே பாடத்தைப் போனில் அனுப்பிவிட்டு "பிள்ளை கையில் போன் கொடுக்காதீர்கள்" என்று பெற்றோரிடம் சொல்ல நமக்கு வாய் வருமா?

உடைக்கு வருவோம். எட்டாம் வகுப்புவரை சத்துணவுத் திட்டத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை அரசிடமிருந்து வந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் வீட்டார் வாங்க வேண்டும். உன் ஊரில் சீருடைச் சிக்கல் எந்த வகுப்பில் தொடங்கும் என்று இதிலேயே தெரிந்துவிடும். ஒரே செட்டைத் துவைத்து, மழையில் காயாமல், கலர் சட்டையில் வருகிற பிள்ளையைப் பிரேயரில் தனியாக நிறுத்தினால் மறுநாள் அவன் வரவே மாட்டான். வகுப்பாசிரியர் தனியாகக் கேட்கட்டும். அலுவலகத்தில் மூன்று அளவுகளில் பழைய சீருடைகள் ஒரு பெட்டியில் இருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களிடம் கேட்டு வாங்கினால் இரண்டே வருஷத்தில் பெட்டி நிறையும். பேண்ட்டை டைட்டாகப் பிடித்துத் தைப்பதற்குக் கணுக்கால் அளவு ஒன்று வைத்தால் போதும்: ஷூவைக் கழற்றாமல் பேண்ட்டைக் கழற்ற முடிய வேண்டும். இதைத் தையல்காரரிடமே சொல்லிவிடலாம்.

புள்ளிங்கோ கட்டிங்குக்கு நீ எழுதிய தண்டனையை அடித்துவிட்டேன். பள்ளிக்கு சலூன்காரரை வரவழைத்து எல்லார் முன்னாலும் வெட்டுவது மன உளைச்சல் கொடுப்பதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு சேர்த்து அதையும் தடை செய்கிறது. அடுத்த திங்கள்வரை கெடு கொடு. தெருமுனை சலூன் அண்ணனிடம் பி.இ.டி. சார் ஒருதரம் பேசட்டும், பாதி வேலை முடிந்துவிடும்.

"மாணவிகள் கண்ணியமாக உடுத்த வேண்டும்" என்ற 17-ஆம் விதியை எடுத்துவிடு, தயவுசெய்து. கண்ணியத்தை யார் அளப்பது? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையையும் மேலும் கீழும் பார்க்கலாம் என்று ஆகிவிடும். சுடிதார், மேல்கோட், இரட்டைப் பின்னல் என்று உடையை மட்டும் எழுது. குறை இருந்தால் பெண் ஆசிரியர் மட்டும், தனியறையில் சொல்லட்டும். அதே அறையில் நாப்கின், ஊக்கு, இரண்டு பேண்ட் எப்போதும் இருக்கட்டும். பூட்டி வைத்துவிட்டுச் சாவியை ஆண் ஆசிரியரிடம் கேட்க வைக்காதே.

சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைப் பற்றி உன் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. தெற்கே போயிருக்கிறாய், அது தெரியாமல் இருக்காது; தயங்குகிறாய் என்று நினைக்கிறேன். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் உடன் படித்த பிள்ளைகளே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்கள் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. இதற்கு ஒரு விதி எழுதியே ஆக வேண்டும். ஒரு நிறத்தை மட்டும் கழற்றச் சொன்னால் அன்று மாலையே ஊரில் பிரச்சினை வரும். எல்லா நிறமும், எல்லா வகுப்பும், ஒரே நாளில். கத்தரி எடுத்து நாம் வெட்டக் கூடாது. பிள்ளையே கழற்றி உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அதற்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லாத் தெருக்காரரும் உட்கார்ந்து தீர்மானம் போட்டிருக்க வேண்டும். கயிறு போனால் பனியன் நிறம் வரும், சைக்கிள் ஸ்டிக்கர் வரும், பெஞ்சில் கீறிய எழுத்து வரும். வகுப்பில் உட்காரும் இடத்தைப் பெயரின் அகரவரிசையில் போட்டு, மாதம் ஒருமுறை வரிசையை நகர்த்து. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசிக்கிற ஆசிரியர் யாராவது இருந்தால், அவரை முதலில் நிறுத்து. விதிப் பட்டியலில் எனக்கு முக்கியமானது இதுதான். மற்ற ஒன்பதும் பிறகு வந்தால்கூடப் பரவாயில்லை.

மீதி விரைவாக. தாமதமாக வருகிற பிள்ளையை வெளியே வைத்துக் கேட்டைப் பூட்டாதே. பள்ளிக்கும் போகாமல் வீட்டுக்கும் போகாமல் ஆற்றுப் பக்கம் போவார்கள். உள்ளே விட்டு, நோட்டில் எழுது. மூன்று பதிவு ஆனால் வீட்டுக்குப் போன். "டி.சி. கிழித்துவிடுவேன்" என்று யாரும் மிரட்டக் கூடாது, எட்டாம் வகுப்புவரை பிள்ளையை வெளியேற்றவே சட்டத்தில் இடமில்லை. பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற மாணவர் மனசு பெட்டியை அலுவலக வாசலில் வைக்காமல், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வை. யார் சீட்டு போடுகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமிலிருந்து தெரியக் கூடாது. கல்வி உதவி மையத்தின் 14417 எண்ணை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பெரிதாக எழுதச் சொல்.

பெற்றோர் கூட்டத்துக்குப் பத்து நாளாவது முன்னால் புது வரைவை அனுப்பு, ஒரு பக்கம்தான், நினைவிருக்கட்டும். மாணவர் தலைவர்களையும் ஒருதரம் படிக்கச் சொல்லி, எந்த வரி புரியவில்லை என்று கேட்டு எழுதி அனுப்பு. சங்கரியும் படித்துப் பார்க்கிறேன் என்கிறாள். அவள் மகள் கல்யாணத்துக்கு நீ வருகிறாயா இல்லையா என்று இன்னும் பதில் சொல்லவில்லையாம், உடனே அவளுக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் விஜயா