“தப்பாகப் போனால்?” என்று கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் என் வீட்டிலேயே தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு நெருங்கினால் போதும், “டீச்சர், எனக்குக் கண்டிப்பாகச் சொதப்பப் போகுது” என்று புலம்பல் தொடங்கிவிடும். அழைத்துப்போக வரும் அம்மாவோ பாட்டியோ, “அபசகுனமாகப் பேசாதே, நல்ல வார்த்தை சொல்லு” என்று உடனே வாயடைத்துவிடுவார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது நல்லதே இல்லை.

என்னிடம் படித்த ஒரு பையன், “வாய்மொழித் தேர்வில் காட்டும் காணொளியில் என்ன நடக்கிறது என்றே புரியாவிட்டால்? பாதியில் வார்த்தை மறந்துபோனால்?” என்று அடுக்கிக்கொண்டே போவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி பேசி முடித்தபிறகு பயிற்சியில் அப்படியே மூழ்கிவிடுவான். ஜூலி நோரெம், நான்சி கான்டர் என்ற உளவியலாளர்கள் 1986ல், மோசமானதை முன்கூட்டியே நினைத்துத் தயாராகும் இந்தப் போக்கைத் ‘தற்காப்பு அவநம்பிக்கை’ என்று ஆராய்ந்து எழுதினார்கள். இப்படிப்பட்டவர்களிடம், “எப்போதும் நன்றாகத்தானே செய்கிறீர்கள்” என்று தைரியம் சொன்னால், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட அவர்கள் குறைவாகவே செய்தார்களாம். அந்தப் பையனைப் பார்த்த எனக்கு அதில் வியப்பில்லை.

இன்னொரு மாணவி. அவளும் சொதப்பும் என்றுதான் சொல்வாள். ஆனால் கட்டுரையில் ஓர் எழுத்து கோணினால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். 94 வாங்கியதற்கு அழுதாள். 2021லிருந்து பிஎஸ்எல்இயில் 90ம் ஒரே தரநிலை, 100ம் அதே தரநிலைதான், மிக உயர்ந்த ஏஎல் 1. எடுத்துச் சொல்லியும் அவள் மனம் ஆறவில்லை. பையன் எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொண்டு வேலையைத் தொடங்குகிறான். இவளுக்கோ எதிர்பார்ப்பு நூறைவிட்டு இறங்குவதில்லை; பயம் மட்டும் ஏறுகிறது. எவ்வளவு படித்தாலும் போதாது என்றாகி, கடைசியில் எழுத உட்காரவே மறுத்தாள். எனக்குக் கவலை இவளைப் போன்றவர்களைப் பற்றித்தான். ‘பொறுப்பான பிள்ளை’ என்று எல்லாரும் மெச்சுவதால் உள்ளே இருக்கும் தவிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

பெற்றோர் வாயடைப்பதற்குப் பதில், “சரி, அப்படி ஆனால் என்ன செய்வாய்?” என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லிவிட்டுப் படிக்கப் போனால், அந்தப் பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள். பதிலே வராமல் பயம் சுற்றிச் சுற்றி வந்தால், “ஒருமுறை எழுது, அழிக்காமல் கொடு” என்று நாமே எல்லை போட்டுத்தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பள்ளி ஆலோசகரிடம் பேசத் தயங்கக் கூடாது.

தேர்வுக் காலத்துக்கு முன்பாக, உங்கள் மாணவர் பக்கத்தில் ஓர் உளவியலாளரை இதுபற்றி எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும். என்னிடம் வரும் பாட்டிகள் பலர் தமிழில்தான் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு துணைப்பாட ஆசிரியை,
ஈசூன்