காசார்தெல்லி கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களே,

இத்தாலிய சைக்கிள் வீரர் ஃபாபியோ காசார்தெல்லி பற்றிய கட்டுரை ஒருவழியாக வெளியாகிவிட்டது. என் பெயரில் வந்திருந்தாலும் பாதிக்கு மேல் உங்கள் உழைப்பு. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில், இத்தாலிய நாளிதழ்களை வரி வரியாக வாசித்துச் சொன்ன தோழிக்கு. காசார்தெல்லி என்றதும் எல்லோரும் அவர் பந்தயத்தில் விழுந்து இறந்த 1995 ஜூலை 18க்குத்தான் போகிறார்கள். "செத்த கதையை எல்லாரும் எழுதிட்டாங்க, ஜெயிச்ச கதையை யார் எழுதுறது?" என்று அவர் விடாமல் சண்டை போட்டார். அதனால்தான் கட்டுரை பார்சலோனாவில் தொடங்குகிறது.

அந்தப் பகுதிக்காகப் பழைய பந்தயப் பதிவைத் தேடி அனுப்பியவருக்கும், கூடவே உட்கார்ந்து விளக்கிய பந்தய வீரருக்கும் பெரிய நன்றி. 1992 ஆகஸ்ட் 2, ஒலிம்பிக் சாலைப் பந்தயம், 194 கிலோமீட்டர். கோமோவில் பிறந்த காசார்தெல்லிக்கு 22 வயது முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இத்தாலிய அணியில் அவரோடு ஓட்டியவர்கள் தாவிதே ரெபெல்லினும், 1990இல் அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) உலக சாம்பியனான மிர்கோ குவால்தியும். நெதர்லாந்தின் எரிக் டெக்கர், லாட்வியாவின் தைனிஸ் ஓசோல்ஸ் இருவரோடும் காசார்தெல்லி முன்னே பிரிந்து போய்விட்டார். தன் அணிக்காரர் ஒருவர் முன்னால் போய்விட்டால், பின்னால் இருப்பவர்கள் துரத்தலுக்குக் கை கொடுக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டு வருவார்கள், அதுவும் வேலைதான் என்று நம் வீரர் சொன்ன பிறகுதான் எனக்குப் பந்தயமே புரிந்தது. கடைசி ஓட்டத்தில் தங்கம் காசார்தெல்லிக்கு, வெள்ளி டெக்கருக்கு, வெண்கலம் ஓசோல்ஸுக்கு. 1996இல் தொழில்முறை வீரர்களுக்கும் ஒலிம்பிக் சாலைப் பந்தயம் திறந்துவிடப்பட்டது. ஆக, அமெச்சூர் காலத்தின் கடைசி சாம்பியன் இவர்.

1993இல் அரியோஸ்தேயா அணியில் தொழில்முறைக்கு வந்தார். அப்புறம் இன்னொரு இத்தாலிய அணி, 1995இல் அமெரிக்காவின் மோட்டோரோலா. மூன்று பருவம்கூட முழுதாக ஓட்டவில்லை.

அடுத்த நன்றி மருத்துவ நண்பருக்கு. காயத்தை விவரிக்கும் பத்தியைத் தூக்கச் சொன்னது அவர்தான். கட்டுரையில் மிஞ்சியது இவ்வளவே: பல நாள் கட்டம் கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 15ஆம் கட்டம், பிரனீஸ் மலையில் போர்த்தே தாஸ்பே இறக்கம், வேகத்தில் சிலர் சேர்ந்து விழுகிறார்கள், சாலையோரம் கான்கிரீட் கட்டைகள். ஹெலிகாப்டரில் தார்ப் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு 24 வயது. வீட்டில் மனைவியும் பிறந்து சில மாதமே ஆன மகனும்.

ஹெல்மெட் பற்றிக் கடிதம் எழுதியவர்களுக்கும் நன்றி. அன்று அவர் அணிந்திருக்கவில்லை. பெரும்பாலோர் அணியாத காலம் அது. 1991இல் கட்டாயமாக்கப் பார்த்தபோது வீரர்களே எதிர்த்து நின்றார்கள். 2003 மார்ச்சில் கஜகஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் விழுந்து இறந்த பிறகுதான் விதி வந்தது. எட்டு வருடத் தாமதம். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

காசார்தெல்லி இறந்த மறுநாள் நடந்த கட்டம் பற்றிய பிரெஞ்சுச் செய்திகளை மொழிபெயர்த்துத் தந்த தம்பிக்கு என்ன சொல்வது! அன்று யாரும் போட்டியிடவில்லை. மொத்தக் கூட்டமும் மெதுவாக ஓட்டி வந்து, மோட்டோரோலா வீரர்களை முன்னால் விட்டது. அந்திரேயா பெரோன் முதலில் கோட்டைக் கடந்தார். அன்றைய பரிசுப் பணம் காசார்தெல்லி குடும்பத்துக்குப் போனது. விபத்து நடந்து மூன்று நாள் கழித்து லிமோஜில் ஜெயித்த மோட்டோரோலா வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வானத்தைக் காட்டியதைச் சேர்க்கலாமா என்று நம்முள் பெரிய வாக்குவாதம். அவருடைய பிற்கால ஊக்கமருந்து மோசடி எனக்கும் எரிச்சல்தான். அதற்காக அன்று அணித்தோழனுக்காக வானத்தைக் காட்டியதை அழிக்க முடியுமா? சேர்த்தேன். ஒப்புக்கொள்ளாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

மலையேறிப் போய் நினைவுச்சின்னத்தைப் படமெடுத்து அனுப்பிய தம்பதிக்கு: வெள்ளைப் பளிங்கு, சக்கரம், ஒலிம்பிக் வளையங்கள் எல்லாம் தெளிவாக வந்திருக்கின்றன. அது சூரியக் கடிகாரமும்கூட. பிறந்த நாள், இறந்த நாளோடு தங்கம் வென்ற நாளையும் அதன் நிழல் குறிக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். தோழியின் கட்சியை அந்தச் சிற்பியும் ஆதரிக்கிறார் போலிருக்கிறது. கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ மாதா சிற்றாலயத்தில் வைத்திருக்கும் அவருடைய சைக்கிளின் படம்தான் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் மனம் வைக்க வேண்டும்.

பிழை திருத்தியவர்களுக்கும், இத்தாலிய உச்சரிப்பைத் தொலைபேசியில் சொல்லித்தந்தவருக்கும் கைகூப்பு. அடுத்து கிவிலெவ் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்கிறீர்கள். எழுதலாம், ஆனால் ரஷ்ய மொழி வாசிக்கத் தெரிந்த யாராவது முதலில் மாட்ட வேண்டும்.

அன்புடன்,
கட்டுரையாளன்