காசு கட்டிப் பிடித்த மீன்

நனைமோ, கனடா
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

"காசு கட்டி மீன் பிடிக்கப் போனியா, பிடிச்சத விக்கவும் கூடாதா, அப்புறம் என்னத்துக்குத் தாயி போன?" என்று போனில் கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கி, சாப்பிட்டியா, குளிருதா என்று ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள், நடுவில் பாசி பற்றி ஒரு விஷயம் வரும்.

நாங்கள் போன ஊர் போர்ட் ஹார்டி. நாங்கள் இருப்பதும் அதுவும் ஒரே தீவுதான், வான்கூவர் தீவு. தீவு என்றதும் ராமேஸ்வரம் அளவுக்கு நினைத்துவிடாதீர்கள், இது நீளத்தில் மட்டும் 450 கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து வடக்கு முனைக்குக் காரில் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், பாதி வழிக்கு மேல் வெறும் காடு, கரடி ரோட்டைக் கடக்கும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் வேர்க்காட்டுத் திருவிழா நடக்கிற அதே ஜூலைக் கடைசியில்தான் போனோம்.

இங்கே கடலில் மீன் பிடிக்கப் போக இரண்டு வழி. ஒன்று, படகோடு ஓர் ஆளும் வருவார். மீன் இருக்கும் இடத்துக்கு அவரே கொண்டுபோய், அவரே இரை மாட்டி, அவரே கைவலையில் கோரித் தூக்கிக் கொடுப்பார். நாம் நடுவில் தூண்டில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, படகையும் தூண்டிலையும் மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, இதுதான் வரைபடம், மதியத்துக்குள் வந்துவிடுங்கள் என்று கையாட்டிவிடுவார்கள். நான் இரண்டாவதுதான் வேண்டும் என்றேன். உங்கள் மாப்பிள்ளை பரமக்குடிக்காரர், வைகையில் தண்ணீர் ஓடினாலே வேடிக்கை பார்க்கப் போகிறவர், அவருக்கு வயிற்றைக் கலக்கியது. இருந்தாலும் வந்தார், அதற்காகவே அவரை மெச்ச வேண்டும்.

சரி, காசு விஷயம். உப்புத் தண்ணீரில் தூண்டில் போட மத்திய அரசின் மீன்வளத் துறையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் மறு வருஷம் மார்ச் 31 வரை செல்லும். இங்கே குடியிருப்பவர்களுக்கு இருபது டாலருக்குக் கொஞ்சம் மேலே, சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு முத்திரைக் கட்டணம். அது பெரிய காசு இல்லை. படகு வாடகை, பெட்ரோல், ஐஸ், தங்குகிற இடம் எல்லாம் சேரும்போதுதான் கையைக் கடிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மீனைக் கடையிலேயே வாங்கித் தின்றிருக்கலாம். அந்த வகையில் நீங்கள் சொன்னது சரிதான். பிடித்ததில் ஒரு துண்டுகூட விற்கக் கூடாது, விற்றால் குற்றம். விற்பதற்காகப் பிடிக்கிறவர்களுக்கு வேறு லைசென்ஸ், வேறு கணக்கு.

படகு 17 அடி, அலுமினியம். நம் வள்ளத்தை ஜெட்டியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விளையாட்டுச் சாமான். ஆனால் பின்பக்கம் அமரத்தில் இரண்டு எஞ்சின், ஓடுவதற்குப் பெரியது ஒன்று, மெதுவாக ஊர்ந்து மீன் பிடிக்கச் சின்னது ஒன்று. ஜெட்டியே மிதக்கிறது. ஏன் என்று சாயங்காலம்தான் புரியும். விடியற்காலையில் கடல் ஏற்றத்தில் போகும்போது ஜெட்டிக்கு இறங்கும் பாலம் ஏறக்குறைய மட்டமாக இருந்தது, வற்றத்தில் பார்த்தால் ஏணிக்குச் சமம், ஐஸ்பெட்டியோடு ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. இங்கே தண்ணீர் ஒரு நாளில் நாலைந்து மீட்டர் ஏறி இறங்குகிறது அண்ணே. பாம்பனில் முழங்கால் அளவு மாறினாலே பேசுவோம். இவ்வளவு தண்ணீர் தீவுகளுக்கு நடுவில் போய் வருவதால் ஆளை இழுக்கும் நீரோட்டம், நம் நீவாடு, பயங்கரம். பாம்பன் பாலத்துக்கு அடியில் வள்ளம் எப்படித் திமிறும் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்ததால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை, மாப்பிள்ளைக்குத்தான் படகு தானாகத் திரும்பும்போதெல்லாம் ஜெபம்.

காற்றும் அப்படித்தான். கோடையில் காலையில் கடல் சும்மா கிடக்கும், மதியம் திரும்பியதும் வடமேற்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். ரேடியோவில் ஒரு சேனலில் நாள் முழுக்க வானிலை மட்டும் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், 16ஆம் சேனல் ஆபத்துக்கு. ஆகஸ்ட் வந்தால் மூடுபனி, பக்கத்துப் பாறை தெரியாது. வெட்டின மரக்கட்டைகள் வேறு பாதி முங்கினபடி மிதந்து வரும், எஞ்சினில் அடித்தால் அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் விடப் பயப்பட வேண்டியது தண்ணீரின் குளிரைத்தான். நடுக்கோடையிலேயே 10, 12 டிகிரிதான். விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, அதைத் தாண்டினால் கை கால் வேலை செய்வது சுமார் 10 நிமிஷம். நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் அந்தத் தண்ணீரில் ஒன்றுதான். அதனால் மிதவைச் சட்டையைக் கழற்றவே இல்லை. உங்கள் வள்ளத்தில் அதை உட்கார மெத்தையாகப் போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

முதலில் சால்மன். ஆற்றில் பிறந்து, கடலுக்கு வந்து வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பிப் போய் முட்டையிட்டுச் செத்துப்போகும் மீன். உடனே இவள் தன்னைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று அண்ணி ஆரம்பிப்பார், நான் மீனைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். அதில் ஐந்து சாதி இங்கே உண்டு, பெரியது சினூக், அதற்கடுத்து எல்லாரும் தேடுவது கோஹோ. தூண்டிலோடு தனியாக ஓர் ஈயக் குண்டை, ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும், கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். நம் தங்கூசி நூலை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டால் குண்டு எந்த ஆழத்தில் நிற்கிறதோ இரையும் அந்த ஆழத்திலேயே ஓடும். இரைக்கு முன்னால் பளபளவென்று சுழலும் ஒரு தகடு, இரை பிளாஸ்டிக் கணவாய் அல்லது நெத்திலி. ஆமாம், நெத்திலிதான், நாம் குழம்பு வைப்பதை விடப் பெரிய சாதி. மீன் கவ்வியதும் கிளிப் விட்டுவிடும், வளைந்து கிடந்த தூண்டில் கழி சட்டென்று நிமிரும், நிமிர்ந்த கையோடு மறுபடி குனிந்து தண்ணீரைத் தொடும். அந்த நேரத்தில் யாருக்கும் பேச்சு வராது. நான் கழியைப் பிடுங்கினேன், மாப்பிள்ளை சுக்கானைப் பிடித்தார், சக்கரத்தின் கைப்பிடி எதிர்ப்பக்கமாகச் சுற்றி விரல் முட்டியில் அடித்துக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால் சால்மன் தூண்டிலில் எதிர்முள் இருக்கக் கூடாது, சட்டம். விட வேண்டிய மீனைக் காயமில்லாமல் விடுவதற்காக. தங்கூசி ஒரு நொடி தளர்ந்தால் மீன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். அது போதாதென்று கடல்நாய் ஒன்று படகைச் சுற்றியே திரிந்தது, பாதி தூரம் வந்த மீனை அது கவ்விக்கொண்டு போக, கையில் தலை மட்டும் வந்தது. ஓங்கில், அதான் டால்பின், வலையைக் கிழிக்கும்போது அப்பா என்னென்ன சொல்வாரோ அத்தனையும் எனக்கு நினைவுக்கு வந்தது, இங்கே யாருக்கும் புரியாது என்பதால் சத்தமாகவே சொன்னேன்.

மேலே வந்த சினூக்கை அளக்க வேண்டும். அங்கே 62 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணிக்கை, அதுவும் பகுதிக்குப் பகுதி வேறு, பருவத்தின் நடுவிலேயே மாறும், கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எனக்கு இது தொல்லையாகத்தான் இருந்தது. ஆனால் குஞ்சுக் காரலையும் குப்பை மீனையும் கூடைகூடையாகக் கோழித்தீவனத்துக்கு அள்ளிப்போவதைப் பார்த்து நீங்களே எத்தனை முறை வயிறு எரிந்திருக்கிறீர்கள்.

அம்மாவுக்கான விஷயம் இப்போது. சால்மன் கரையோரம் பாசிக் காட்டை ஒட்டித்தான் இரை தேடும். அந்தப் பாசி நம் மரிக்கொழுந்துப் பாசி மாதிரி பாறையில் ஒட்டி விரல் நீளம் இருப்பதில்லை. அடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு கயிறு மாதிரி எழும்பி, மேலே காற்றடைத்த ஒரு குமிழும் அதிலிருந்து ரிப்பன் போல இலைகளுமாக மிதக்கும். 30 மீட்டர் வரை போகும், அவ்வளவும் ஒரே வருஷத்து வளர்ச்சி. அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி முங்கி எடுத்ததை ஒரே இழுப்பில் ஒரு மூட்டை எடுத்துவிடலாம். எஞ்சின் விசிறியில் சுற்றினால் மட்டும் கத்தியால் அறுத்து எடுப்பதற்குள் நீவாடு பாறைக்குக் கொண்டுபோய்விடும்.

அப்புறம் ஹாலிபட். போட்டோவில் பார்த்துவிட்டுத் திருக்கையா என்று கேட்டீர்கள், இல்லை, நம் எருமைநாக்கு மாதிரி தட்டை மீன். மேல்பக்கம் சேற்று நிறம், அடிப்பக்கம் வெள்ளை, இரண்டு கண்ணும் வலது பக்கமே. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன் போல நிமிர்ந்துதான் நீந்துமாம், வளர வளர இடது கண் தலையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்துவிடும். பெட்டை 200 கிலோவுக்கு மேலும் வளரும். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடக்கிற வடகடலில் எங்கே போனாலும் ஏழெட்டு பாகம் ஆழம்தானே, இதற்கு 30, 40 பாகத்தில் தரையில் இரை கிடக்க வேண்டும். தண்ணீர் ஓடும்போது எவ்வளவு ஈயம் கட்டினாலும் தரை தட்டாது, ஏற்றமும் வற்றமும் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம் தண்ணீர் நிற்கும், அப்போதுதான் வேலை. அட்டவணையில் போட்டிருந்த நேரத்துக்கு முன்னாலேயே பாசியின் சாய்வைப் பார்த்துத் தண்ணீர் நிற்கப்போகிறது என்று சொன்னேன், சரியாக நின்றது. இதை மட்டும் பெருமைக்காகவே எழுதுகிறேன்.

இரைக்கு ஹெர்ரிங் என்ற மீனும் சால்மன் வயிற்றுத் தோலும். மீன் பிடித்தது தெரியவே இல்லை, கனம் மட்டும் தெரிந்தது. ஈரச் சாக்கு ஒன்றைக் கிணற்றிலிருந்து இழுப்பது போல இழுத்துக்கொண்டே இருந்தேன், தோள் கழன்றது. மேலே வெளிச்சத்தைப் பார்த்ததும் திரும்பவும் தரைக்கே பாய்ந்தது. உயிரோடு படகுக்குள் ஏற்றக் கூடாது, பெரியது அடித்தால் காலை முறித்துவிடும் என்று ஜெட்டியில் ஒரு பெரியவர் எச்சரித்திருந்தார். எங்களுடையது அவ்வளவு பெரியதில்லை, ஆனாலும் பக்கத்திலேயே வைத்துச் செவுளை அறுத்து ரத்தம் போகவிட்டுத்தான் ஏற்றினோம். உடனே நீளத்தை அளந்து லைசென்ஸில் பதிய வேண்டும். இதற்குச் சிறிய அளவு இல்லை, பெரிய அளவுதான் உண்டு, இவ்வளவுக்கு மேல் நீளம் இருந்தால் விட்டுவிட வேண்டும் என்று வருஷா வருஷம் அறிவிக்கிறார்கள்.

இந்த ஹாலிபட் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொது. எல்லை தாண்டித் திரியும் மீன் என்பதால் 1923லேயே இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு ஒரு கமிஷன் வைத்திருக்கின்றன. மீன் எவ்வளவு இருக்கிறது என்று வருஷம்தோறும் ஆராய்ந்து, எந்தப் பகுதியில் எவ்வளவு பிடிக்கலாம் என்று அங்கேதான் உட்கார்ந்து பேசுகிறார்கள். எல்லாருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன், பங்குச் சண்டை உண்டு. ஆனால் சண்டை நடப்பது மேஜையில். அதைப் படித்தபோது வடகடலும், இரவில் கடலுக்குப் போனவர்கள் திரும்பும் வரை தங்கச்சிமடத்து வாசல்களில் எரியும் விளக்கும்தான் மனதில் வந்தது. வேறென்ன சொல்ல.

மீன் அறுக்கும் மேஜை ஜெட்டியிலேயே இருக்கிறது. கழுகு, கடற்காக்கை எல்லாம் நம் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட சால்மனுக்கு வால் பக்கத்துச் சின்னத் துடுப்பை நறுக்கியிருப்பார்கள், அப்படிப்பட்ட சிலவற்றின் தலைக்குள் மயிரிழை போன்ற ஒரு கம்பித் துண்டு இருக்கும், எந்த ஆற்றில் விட்டது என்று அதிலிருந்து கண்டுபிடிப்பார்கள். அதற்காகத் தலையைக் கேட்கிறார்கள். சால்மன் தலையை! கொடுத்துவிட்டேன், மனசு வரவில்லை. நல்லவேளை, இன்னொன்றின் துடுப்பு முழுசாக இருந்தது, அந்தத் தலை புளிக்குழம்பாகிவிட்டது.

இப்போது உங்கள் "என்னத்துக்கு" என்ற கேள்வி. நம் வீட்டில் நீங்கள் ஒன்பதாவது படிக்கும்போதே வள்ளத்தில் ஏறினீர்கள். அம்மா பாசி எடுக்கத் தீவுக்குப் போனார், வலைக்குப் போனதில்லை. நான் கரையில் கூடை பிடித்தேன், அவ்வளவுதான். காற்று, நீவாடு, பாகம் எல்லாம் காதால் கேட்டே தெரிந்தவை. இங்கே எஞ்சின் சாவியை என் கையில் கொடுத்தவன் நான் பொம்பளையா என்று பார்க்கவில்லை, படகோட்டும் அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று நானே முடிவு செய்து ஒரு கடலில் இருந்தேன். அதற்குத்தான் அந்தக் காசு. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அப்பா காலத்தில் அது அப்படித்தான். ஆனால் கடலுக்குக் கூட்டிப் போகச் சொல்லி உங்கள் பாப்பா வாரம் தவறாமல் கேட்டும் நீங்கள் மாட்டேன் என்கிறீர்களாம், அண்ணி சொன்னார். கொண்டல் காற்று அடங்கின ஒரு காலையில், தென்கடல் பக்கம், மிதவைச் சட்டை போட்டு அவளை முன்பக்கம் அணியத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள்.

அம்மா கேட்ட கருவாடு: இங்கே வீட்டுக்கு வரும் வழியில் அதிகாரி நிறுத்தினால் என்ன மீன், எத்தனை என்று பார்த்ததும் தெரிய வேண்டும், அதனால் தோலோடு பொதிந்து ஐஸில்தான் கொண்டுவந்தோம். இப்போது வீட்டில் இருப்பதை உப்புப் போட்டுப் பார்க்கலாம். துண்டு இரண்டு விரல் கனம், வெயிலும் போதாது. இவ்வளவு தடிமனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் ஊற வேண்டும் என்று அண்ணியிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். வலைக்கு அனுப்பிய பணம் வந்ததா என்பதையும் சொல்லவும்.

அன்புத் தங்கை