டெல்லிக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள், துணைவேந்தரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் அவ்வப்போது முழுப் பக்க வாழ்த்து விளம்பரம் ஒன்று வரும். துணைவேந்தர் ஒருவர் அகில இந்திய அளவிலான கல்வி அமைப்பு ஒன்றின் ஆட்சிக் குழுவுக்குத் தேர்வாகியிருப்பார். நடுவில் அவர் படம். சுற்றிலும் இணைவுபெற்ற கல்லூரித் தாளாளர்களின் தபால்தலை அளவுப் படங்கள். மேலே எதுகை மோனையோடு நாலு வரி. அதற்குப் பிறகு அந்தப் பதவியைப் பற்றி எங்கும் பேச்சே இருக்காது. அங்கே போய் அவர் என்ன சொன்னார், எதற்குக் கை தூக்கினார், அதனால் நம் பல்கலைக்கழகத்துக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணைப் பதிவாளராக ஓய்வுபெற்றவள் நான். பணியில் இருந்தபோது கேட்க முடியாததை இப்போது கேட்கிறேன்.

நான் சொல்வது முக்கியமாக இந்தியப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பைப் பற்றி. எங்கள் அலுவலகத்தில் 'ஏ.ஐ.யு.' என்றால்தான் தெரியும். 1924-ல் சிம்லாவில் துணைவேந்தர்கள் கூடிப் பேசியதில் பிறந்த யோசனை, 1925-ல் இடைப் பல்கலைக்கழக வாரியமாக உருவானது. இலங்கையையும் சேர்த்து 'இந்தியா, இலங்கை இடைப் பல்கலைக்கழக வாரியம்' என்று அது பெயர் தாங்கியிருந்த காலமும் உண்டு. 1967-ல் சங்கமாகப் பதிவானது. இன்றைய பெயர் 1973-ல் வந்தது. ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன் போன்றவர்கள் தலைமை வகித்த அமைப்பு. நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் அந்த வரிசையில் உண்டு. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் அவர். இன்று மூன்றாண்டுப் பதவிக்காலத்தை முழுதாக முடித்துவிட்டாலே பெரிய விஷயம்.

இது அரசு அமைப்பு அன்று. உறுப்பினராக இருப்பது பல்கலைக்கழகம்தான். அதன் சார்பில் போய் உட்காருபவர் துணைவேந்தர். ஆண்டுச் சந்தா பல்கலைக்கழக நிதியிலிருந்து போகிறது. பல்கலைக்கழக நிதி என்றால் பெரும்பங்கு தேர்வுக் கட்டணமும் இணைவுக் கட்டணமும். அதாவது, துறையூர் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். படிக்கும் பையன் கட்டிய காசும் அதில் இருக்கிறது. கூட்டத்துக்குப் போய்வரும் விமானக் கட்டணமும் அதே கணக்கில்தான். அந்தப் பயணப் படிப் பட்டியல்களைச் சரிபார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் 'ஏ.ஐ.யு. கூட்டம்' என்று இரண்டே சொல் இருக்கும். கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் இணைக்கப்பட்டிருக்காது. என்ன முடிவானது என்ற குறிப்பு கோப்புக்கு வராது. கூட்டத்தில் கொடுத்த பை மட்டும் அறைக்கு வந்து சேரும். துணைவேந்தர் அறை அலமாரியில் அப்படி எத்தனை பைகள் அடுக்கியிருந்தன என்பதைப் புதிய துணைவேந்தருக்காக அறையைக் காலிசெய்த அன்றுதான் பார்த்தோம்.

இதெல்லாம் பெரியவர்கள் கூடிப் பேசிக் கலையும் இடம், மாணவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். சம்பந்தம் நிறையவே உண்டு.

வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்தவர் இங்கே மேற்படிப்பில் சேரவோ வேலைக்குப் போகவோ, அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் ஈக்விவலன்ஸ் (இணைத்தகுதி) சான்றிதழ் கேட்பார்கள். பல பத்தாண்டுகளாக அதைக் கொடுத்துவந்தது இந்தக் கூட்டமைப்புதான். மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பிள்ளைகள் அதற்காக எங்கள் பிரிவு வாசலில் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். இங்கே எம்.ஏ., எம்.எஸ்சி. எல்லாம் இரண்டாண்டு. ஓராண்டுப் பட்டத்தை அதற்குச் சமமாக ஏற்பதா கூடாதா என்ற இழுபறியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வழி திறந்தது. மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அந்த ஒப்பந்தத்திலும் சேரவில்லை.

பிறகு 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) புதிய விதிமுறைகளை அறிவித்து, வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்கும் வேலையைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று வாதிட நான் வரவில்லை. விண்ணப்பதாரருக்கு அலைச்சல் குறைந்தால் சரி. ஆனால் நூற்றாண்டு கண்ட ஓர் அமைப்பின் கையிலிருந்து அதன் முக்கியமான வேலை ஒன்று போயிருக்கிறது. அதன் உறுப்பினரான எந்தத் துணைவேந்தராவது 'இப்படி ஒரு மாற்றம் வருகிறது, நம் கல்லூரிகளின் கருத்து என்ன?' என்று தன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையில் (செனட்) கேட்டதாக என் காதுக்கு எட்டவில்லை. கேட்டிருந்தால் அவரை மனமாரப் பாராட்டுகிறேன். அதற்குத்தான் முழுப் பக்க விளம்பரம் தர வேண்டும்.

விளையாட்டு விஷயம் எனக்கு இன்னும் நெருக்கமானது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை மண்டல வாரியாகவும் அகில இந்திய அளவிலும் ஒருங்கிணைப்பது இந்தக் கூட்டமைப்பு. தென் மண்டலக் கபடி, கைப்பந்து, தடகளம் என்று ஆண்டு முழுக்க ஏதாவது நடந்துகொண்டிருக்கும். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர் மூன்றாம் படிவம் என்று ஒன்று இணைப்பார். அது இந்தப் போட்டிகளில் ஆடியதற்கான சான்று. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் 2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கிய பிறகு இதன் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. கிராமத்துப் பெண் பிள்ளைக்கு ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலை என்பது பல சமயம் அந்த ஒரு தாளில்தான் தொங்குகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் அப்படி ஒரு கபடி வீராங்கனை. அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. தென் மண்டலப் போட்டித் தேதியும் நவம்பர் செமஸ்டர் தேர்வும் ஒரே வாரத்தில் விழுந்தன. பயிற்சியாளர் 'போய்த்தான் ஆகவேண்டும்' என்றார். துறைத்தலைவர் 'தேர்வை விட்டால் அரியர்தான்' என்றார். அந்தப் பெண் போட்டிக்குப் போனாள், அணி அரையிறுதி வரை வந்தது, இரண்டு தாளில் அரியர் விழுந்தது. விளையாட்டு வீரர்களுக்குச் சிறப்புத் தேர்வு வைக்க எங்கள் விதியில் அப்போது இடமில்லை. மனு என் மேசைக்கு வந்தது. 'விதிகளில் இடமில்லை' என்று குறிப்பெழுதிய கோப்பு மேலே போய், அப்படியே கையெழுத்தாகித் திரும்பி வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு எங்கள் துணைவேந்தர் அதே கூட்டமைப்பின் குழு ஒன்றில் உறுப்பினர். போட்டி அட்டவணை அங்கேதான் முடிவாகிறது. எங்கள் உடற்கல்வி இயக்குநரைக் கூப்பிட்டு, 'நம் தேர்வு எப்போது, போட்டி எப்போது வைத்தால் சரிப்படும்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒருவேளை மற்ற மாநிலங்கள் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். ஆனாலும் சொல்லிப் பார்த்தோம் என்ற திருப்தியாவது இருந்திருக்கும். உடற்கல்வி இயக்குநருக்கோ, நம்மவர் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதே வாழ்த்துத் தட்டி பார்த்துத்தான் தெரிந்தது.

துணைவேந்தர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அவர்களோடு வேலைசெய்தவள் ஆயிற்றே. அவர்கள் வேலைச் சுமை கொஞ்சநஞ்சம் அன்று. காலையில் மாணவர் போராட்டம், மதியம் நீதிமன்ற வழக்கு, மாலையில் பட்டமளிப்பு ஒத்திகை, நடுவே சம்பளத்துக்குப் பணமில்லை என்று நிதி அலுவலர். இத்தனைக்கும் நடுவில் டெல்லி போய்வருபவரிடம் அறிக்கையும் கேட்டால் எரிச்சல் வரும்தான். வெளி அமைப்புகளில் உட்காருவதால் நன்மையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். வேறு மாநிலத்தில் விடைத்தாள் திருத்துவதை எப்படிக் கணினிமயமாக்கினார்கள் என்று அங்கே கேட்டுவந்து எங்களிடம் சொன்ன துணைவேந்தர் ஒருவர் இருந்தார். தேர்வாணையர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை நேரில் பார்த்துவர அனுப்பினார். எங்கள் தேர்வு முடிவுகள் வேகமாக வரத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆக, இது செய்ய முடியாத காரியம் அன்று.

ஆள் இருந்தும் கேள்வி கேட்காத நிலை இது. ஆளே இல்லாத நிலையும் வந்தது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர் பதவி காலியானது. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழு பற்றி ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே நடந்த தகராறில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஆளுநர் நிறுத்திவைத்திருந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்படிச் சட்டமானவற்றில் துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கு மே 21-ல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் பல்கலைக்கழகங்களை ஓட்டியவை ஒருங்கிணைப்புக் குழுக்கள். சென்னையில் அதன் தலைவர் உயர்கல்வித் துறைச் செயலாளர். செயலாளர் திறமைசாலியாகவே இருக்கட்டும். துணைவேந்தர்கள் கூடும் சபையில் 168 வயது கடந்த ஒரு பல்கலைக்கழகத்துக்காக, வகுப்பறை தெரிந்த ஒருவர் எழுந்து பேசுவதற்கு அது ஈடாகுமா?

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கூட்டமைப்பின் தலைவரானவர்கள் என்று எனக்கு நினைவு வரும் சந்தீப் சஞ்சேதி, ஜி. திருவாசகம் இருவருமே அப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள். அவர்கள் போனதில் தவறு ஏதுமில்லை. திருவாசகம் முன்பு பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தவர், மாநிலப் பல்கலைக்கழகங்களின் கஷ்டம் அறிந்தவர். என் கவலை வேறு. நூற்றுக்கு மேற்பட்ட இணைவுக் கல்லூரிகளைச் சுமக்கும் பல்கலைக்கழகத்தின் சிக்கலும், ஒரே வளாகத்தில் தன் மாணவரைத் தானே சேர்த்துத் தானே தேர்வு வைக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் சிக்கலும் ஒன்றல்ல. போட்டித் தேதியை மாற்றச் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு வராது. தங்கள் தேர்வுத் தேதியை மாற்றிக்கொள்வார்கள். நமக்கு அப்படி மாற்ற நூறு கல்லூரி முதல்வர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் கேட்பது செலவில்லாத காரியம். வெளி அமைப்பில் உறுப்பினராக இருக்கும் துணைவேந்தர், கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சிநிரலைச் சம்பந்தப்பட்ட பிரிவுகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கட்டும். திரும்பி வந்ததும் ஒரு பக்கத்தில் குறிப்பெழுதித் தன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவின் (சிண்டிகேட்) பார்வைக்கு வைக்கட்டும். துணைவேந்தர் பதவி காலியாக இருக்கும் காலத்தில் மூத்த பேராசிரியர் ஒருவரை அனுப்ப அந்த அமைப்பின் விதி இடம் தருகிறதா என்று பதிவாளர் கடிதம் எழுதிக் கேட்கட்டும்.

ஆட்சிப் பேரவை உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேள்வி அனுப்பலாம் என்பது பலருக்கும் தெரியும். பதிவுசெய்த பட்டதாரிகள் தொகுதியில் நின்று, வீடு வீடாக வாக்குக் கேட்டு ஜெயித்து வந்தவர்கள் பேரவையில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் அடுத்த பேரவைக்கு இதை அனுப்பினால் போதும். வாசகத்தை அலுவலக நடையிலேயே எழுதித் தருகிறேன், அப்படியே படியெடுத்துக்கொள்ளலாம்: "கடந்த மூன்று ஆண்டுகளில் இப்பல்கலைக்கழகம் உறுப்பினராக உள்ள வெளி அமைப்புகள் எவை, அவற்றுக்குச் செலுத்தப்பட்ட சந்தா எவ்வளவு, அவற்றின் கூட்டங்களில் பல்கலைக்கழகத்தின் சார்பில் பங்கேற்றவர் யார், அங்கு அவர் தெரிவித்த கருத்துகள் எவை என்பதைப் பேரவைக்குத் தெரிவிப்பார்களா?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணைப் பதிவாளர்,
திருச்சி.