மக்களே, அச்சாரம் வாங்காம படம் வரையாதே

தம்பி மக்களே,

நேத்து ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். டொராண்டோல நம்ம ஆளுவ நடத்துத விழாவுக்கு போஸ்டரு, பேனரு, மேடைக்குப் பின்னால வைக்க பத்தடி படம் எல்லாம் நீ வரஞ்சு குடுக்கணுமாம், காசு கேட்டதுக்கு நம்ம பையன் தானே, நாலு பேரு பாப்பாங்கன்னு சொன்னாங்களாம், அத சொல்லும்போ உனக்க குரலு அப்படியே இறங்கிப் போச்சு பாத்தியா, அதான் ஒறக்கம் வராம இத எழுதுதேன்.

எங்க அப்பா வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவரு. கோயில் கொடைத் திருவிழா சீசன்ல வீட்ல தங்கவே மாட்டாரு. ஆனா வெத்தல பாக்கோட அச்சாரம் கைக்கு வராம ஒரு நாளும் தேதி குறிச்சதில்ல, சொந்தக்காரங்க கோயிலா இருந்தாலும் சரி. சுடலமாடனுக்குப் பாட காசு வாங்குதோமேன்னு அவரு கூசினதே இல்ல கேட்டியா. தட்டித் தட்டி காப்புக் காச்ச உள்ளங்கைய விரிச்சு, இதுக்குத் தான் கூலின்னு காட்டுவாரு. நான் தான் அத மறந்துட்டேன். இங்க ஒரு ஸ்கூல் சுவர் முழுக்க மூணு வாரம் வரஞ்சேன், பெயிண்ட் காசும் எனக்கது, கடைசில ஒரு சால்வை போத்தினாங்க. அத இன்னும் பிரிக்கல.

அப்புறம் அந்த கேலரிக்காரங்க, மயிலு தாமரன்னு கொஞ்சம் இந்தியாத்தனமா வேணும்னு கேட்டது. நீ வரஞ்ச தோவாள பூச்சந்தை படம் எனக்க போன்ல இருக்கு, விடியுததுக்கு முன்ன பிச்சிப்பூ மூட்டை மேல டார்ச் அடிச்சு தராசு முள்ளப் பாக்குத ஆச்சி, மூக்குத்தில மட்டும் வெளிச்சம். அத மாத்தாதே. பக்கத்துல விளக்கமும் எழுதாதே. வில்லுப்பாட்டுல கதை பாடுத அண்ணாவி நடுவுல நிறுத்தி விளக்கம் சொல்லமாட்டாரு, கூட இருக்கவரு ஆமா போடுவாரு, கதை போய்க்கிட்டே இருக்கும்.

ஈழத்தமிழ்ப் பாட்டுக்காரி எம்.ஐ.ஏ. லண்டன்ல செயின்ட் மார்ட்டின்ஸ் ஆர்ட் காலேஜ்ல படிச்சு மொதல்ல பெயிண்டிங் தான் காட்சிக்கு வச்சாங்க, மொத ஆல்பம் 2005ல தான். நாளாகும், ஆகட்டும். கலைஞர்களுக்குப் பணம் குடுக்குத கனடா கவுன்சில் கிராண்ட்டுக்கும் எழுதிப் போடு, அங்க அப்ளிகேஷனப் படிச்சு மார்க் போடுதது உன்ன மாதிரி ஆர்டிஸ்டுங்க தான், அவங்களுக்கு ஆச்சியத் தெரியாட்டாலும் அந்த வெளிச்சம் புரியும்.

விழாக்காரங்களுக்கு மெயில் அனுப்புததுக்கு முன்ன எனக்கு ஒருக்கா காட்டு. பாதி அட்வான்ஸ்ங்கது மொத வரிலயே இருக்கணும்.

உனக்க அக்கா,
ஒழுகினசேரி