ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை கேட்ட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மன்னார் மறைமாவட்டத்தின் முன்னாள் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகையின் நினைவு நாளான ஏப்ரல் முதலாந் திகதி வரும்போதெல்லாம், யாழ்ப்பாணத்திலும் அவரைப் பற்றிய பேச்சுகளும் கட்டுரைகளும் வெளிவருகின்றன. வருவது மகிழ்ச்சியே. ஆனால் அவற்றில் பல, 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் 146,679 பேர் கொல்லப்பட்டார்கள் என்று துணிந்து சொன்ன ஆயர் என்றே அவரை அறிமுகம் செய்கின்றன. ஆண்டகை அப்படிச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கணக்கு ஒன்று பிழையாகச் சொல்லப்படும்போது பேசாமலிருக்க எனக்கு வராது. ஆகவே இக்கடிதத்துக்குச் சற்று இடம் தருமாறு வேண்டுகிறேன்.

ஆண்டகை 1940 ஏப்ரல் 16ஆம் திகதி நெடுந்தீவில் பிறந்தவர். 1967 டிசெம்பரில் யாழ் மறைமாவட்டத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் உரோமையில் திருச்சபைச் சட்டம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். 1992இல் மன்னாரின் இரண்டாவது ஆயராக நியமனம் பெற்று, நோய்வாய்ப்பட்டு 2016 ஜனவரியில் ஓய்வுபெறும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நினைவு மலர்களில் இதெல்லாம் உண்டு. அந்தச் சட்டப் படிப்பைத்தான் நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சம்பவம் என்றால் அது நடந்த நாள் எது, இடம் எது, பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டு எழுதி வைப்பது அவருடைய பொதுப்பணியின் முதுகெலும்பாக இருந்தது. அவருடைய பேச்சு பலருக்கு நினைவிருக்கிறது. அவருடைய கோவைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

போரின் பின்னர் அரசாங்கம் நியமித்த, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் தொடர்பான ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தபோது, அவரும் குருமுதல்வரும் மற்றொரு குருவுமாக மறைமாவட்டத்தின் சார்பில் எழுத்துமூலமான சமர்ப்பணம் ஒன்றைக் கையளித்தார்கள். அதில் இருந்தது ஒரு கழித்தற் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்கின்படி 429,059 பேர். 2009 ஜூலை 10ஆம் திகதி வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கின்படி 282,380 பேர். மிகுதி 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெளிவுபடுத்துங்கள் என்பதே ஆண்டகையின் வேண்டுகோள். முதலாவது எண் அரசாங்கத்தினுடையது, இரண்டாவது எண் உலக நிறுவனத்தினுடையது. தன் கையிலிருந்து ஓர் எண்ணைக்கூட அவர் சேர்க்கவில்லை.

கச்சேரிக் கணக்கு எப்படி உருவாகிறது என்பது வெளியில் உள்ள பலருக்குத் தெரியாது. நாம் விதானையார் என்று அழைக்கும் கிராம சேவையாளர், தன் பிரிவில் உள்ள குடும்பங்களை ஒவ்வொன்றாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிறார். குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் தொகை, அதில் பிள்ளைகள் எத்தனை, சொந்த இடம் எது, இடம்பெயர்ந்து வந்த நாள் எது, நிவாரண அட்டையின் இலக்கம் என்ன என்று நிரல் நிரலாக அது போகும். ஒருவர் இறந்தாலோ இடம் மாறினாலோ சிவப்பு மையால் வெட்டிப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அந்தப் பிரிவின் கூட்டுத்தொகை பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கச்சேரிக்கும் போய்ச் சேரும். அதை வைத்துத்தான் இத்தனை மெற்றிக் தொன் அரிசி, இத்தனை மா, இத்தனை பருப்பு என்று கொழும்புக்குக் கோரிக்கை எழுதப்படும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னர் சாவகச்சேரிப் பக்கத்தில் மரத்தின் கீழ் மேசை போட்டு இப்படிப் பதிந்த விதானைமாரை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. மழையில் மை கரைந்த பக்கத்தை, மறுநாள் அதே குடும்பங்களை வரிசையில் நிறுத்தித் திரும்ப எழுதினார்கள்.

நிவாரணத்துக்காகக் கூட்டி எழுதப்பட்ட கணக்கு அது என்ற வாதத்தை ஆண்டகையின் எதிர்ப்பாளர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பிரிவுகளில் பதிந்த குடும்பங்கள் இருந்திருக்கலாம். வெட்டப்படாத மரணங்களும் இருந்திருக்கலாம். வந்து சேர்ந்தவர்களின் கணக்கில் விடுபட்டவர்களும் இருக்கக்கூடும். ஆனால் கணக்கில் பிழை உண்டென்றால் அதைச் சரிபார்ப்பதற்கு வழி இருக்கிறது: புத்தகங்களை எடுத்து, பிரிவு பிரிவாக, வந்தவர்களின் பதிவோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்யக்கூடியது அரசாங்கம் ஒன்றுதான். செய்யுங்கள் என்றுதான் ஆண்டகையும் கேட்டார். 2012இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயர் இல்லத்துக்கு வந்து, இந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்று அவரை விசாரித்தார்கள். கச்சேரியின் எண்ணைப் பற்றிக் கச்சேரியிடம் கேட்காமல் ஆயரிடம் கேட்ட அந்த விசாரணையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

அதே வேளை, நம்முடைய மேடைகளும் அவருக்கு நீதி செய்யவில்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் 40,000 பேர் வரையில் இறந்திருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு வந்த ஐக்கிய நாடுகளின் உள்ளக மீளாய்வு அறிக்கை 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்றது. இவை வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்ட வெவ்வேறு எண்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொலைத் தொகையாகச் சொல்லும் பேச்சாளர், ஆண்டகை அவ்வளவு கவனமாகக் கட்டிய கேள்வியைத் தன் கையாலேயே அவிழ்த்து விடுகிறார். கொல்லப்பட்டார்கள் என்று நீங்கள் சொன்னால், இல்லை என்று எதிரணி சொல்லும். விவாதம் அங்கேயே நின்றுவிடும். எங்கே என்று கேட்டால் ஆளைக் காட்ட வேண்டும், அல்லது ஆவணத்தைக் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறி, அதன் கிளை யாழ்ப்பாணத்திலும் திறக்கப்பட்டது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் அந்த அலுவலகத்தை ஏற்கவில்லை; அதற்கு அவர்களிடம் நியாயமான காரணங்கள் உண்டு. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இப்படியான அலுவலகங்கள் எல்லாமே முறைப்பாட்டின் மேல் நடப்பவை. மகனைத் தேடத் தாய் இருந்தால் முறைப்பாடு இருக்கும். தாய், தகப்பன், பிள்ளைகள், கூடவந்த அம்மம்மா எல்லோரும் ஒரே பதுங்கு குழியில் போய்விட்ட வீட்டுக்கு யார் முறைப்பாடு கொடுப்பது? அந்தக் குடும்பம் இருந்ததற்கு விதானையாரின் புத்தகத்தில் ஒரு வரி மட்டுமே சாட்சி. தனித்தனிப் பெயர்களைத் திரட்டும் வேலைக்கு அப்பால் மொத்தத் தொகைகளை வைத்து ஆண்டகை கேட்ட கேள்வி, அந்த வரிக்காகவும் கேட்கப்பட்ட கேள்வி என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

அவரை அரசியல்வாதி என்றும், அங்கி போட்ட புலி என்றும் தெற்கில் சிலர் ஏசினார்கள். 2011 முடிவில் தமிழ்ச் சிவில் சமூகத்தவர்களோடு சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் போக்கைக் கேள்வி கேட்டபோது, நம்மவர்களிலும் சிலருக்கு அவர் பூசை வைப்பதோடு நின்றுவிட்டால் நல்லது என்று தோன்றியது. பூசையையும் பொதுப்பணியையும் வேறு வேறாகப் பார்ப்பவர்களுக்கு அவரை விளங்காது. மன்னார் மறைமாவட்டத்தின் மரியன்னை திருத்தலமான மடுத் திருப்பதி இடம்பெயர்ந்தவர்களின் அடைக்கலமாக இருந்த காலத்தில், 1999 நவம்பர் 20ஆம் திகதி அந்த வளவுக்குள் எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். பக்தர்கள் நேர்த்திக்கடன் செலுத்தும் அதே முற்றம் அது. 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருக்கள் அன்னையின் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள்; ஓகஸ்ட்டில் அது மடுவுக்குத் திரும்பியது. மடு அன்னையிடம் ஓடிவந்தவர்களைக் காப்பாற்ற முடியாமற் போன ஓர் ஆயர், அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் பீடத்தில் எப்படி நிற்க முடியும்? அவருடைய பக்தியில் இருந்துதான் அந்தக் கேள்வி வந்தது. 2021இல் அவர் யாழ்ப்பாணத்தில் காலமான ஏப்ரல் முதலாந் திகதி, பெரிய வியாழன். அன்று மாலை எங்கள் கோயில்களில் பாதம் கழுவும் சடங்கு நடந்துகொண்டிருந்த வேளையிலும் பேச்செல்லாம் அவரைப் பற்றியே இருந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளம் மக்களுக்காக அவர் நடந்த நடையும் நீண்டது. 2007இல் வெளியேற்றப்பட்ட அந்தக் கிராமத்தில் கடற்படை முகாம் அமைந்துவிட, மக்கள் பக்கத்துக் காட்டில் கொட்டில் போட்டு இருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பின்னர், 2017இல் மக்களே போராட்டம் நடத்தித்தான் ஒரு பகுதிக் காணியையாவது விடுவிக்கும் உறுதிமொழியைப் பெற்றார்கள். மறைமாவட்டத்தின் வாழ்வுதயம் நிறுவனம் இடம்பெயர்ந்தவர்களுக்குச் செய்தவற்றை எழுதப் புகுந்தால் தனிக் கடிதம் வேண்டும்.

இப்போது யாழ்ப்பாணத்தவர்களாகிய எங்கள் பங்குக்கு வருகிறேன். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ் மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. வன்னியிலிருந்து வந்தவர்கள் அடைக்கப்பட்ட செட்டிகுளம் முகாம்கள் மன்னார் மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. அதாவது, கணக்கின் முதலாவது எண்ணில் உள்ளவர்கள் பெரும்பாலும் எங்கள் பங்குகளில் இருந்தவர்கள். மிகுதியைக் கேட்டவர் பக்கத்து மறைமாவட்டத்தின் ஆயர். அல்லைப்பிட்டியில் 2006 ஓகஸ்ட்டில் காணாமல் ஆக்கப்பட்ட ஜிம்பிறவுண் அடிகளாரும், 2009 மே மாதத்தில் மக்களோடு சரணடைந்து திரும்பி வராத பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் எங்கள் மறைமாவட்டக் குருக்களே. ஆகவே இந்த வேலையை மன்னாரிடம் விட்டுவிட்டு நாங்கள் நினைவுத் திருப்பலியோடு நின்றுகொள்வது முறையாகாது.

தங்கள் பத்திரிகையிடம் என் வேண்டுகோள், 2011 சமர்ப்பணத்தின் தமிழ் வடிவத்தை, குறிப்பாக அந்த இரண்டு எண்களும் வரும் பகுதியை, அடுத்த நினைவு நாளில் அப்படியே வெளியிட வேண்டும் என்பது. பேச்சாளர்கள் அதைப் பார்த்தாவது பேசட்டும். வன்னிப் பங்குகளில் பணியாற்றும் குருக்களிடமும், அங்குள்ள சிவன் கோயில், அம்மன் கோயில் பரிபாலன சபையினரிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் என் வேண்டுகோள் வேறு: 2008இல் உங்கள் ஊரில் இருந்த குடும்பங்களின் பெயர்களை, ஊரில் உயிரோடிருக்கும் மூத்தவர்களை வைத்து வீடு வீடாக எழுதுங்கள். முழுக் குடும்பமாக இல்லாமற் போனவர்களை முதலில் எழுதுங்கள். அவர்களை நினைவு வைத்திருக்கும் அயலவர்களுக்கும் வயது போகிறது.

அந்தக் காலத்து நிவாரண அட்டை, பங்கீட்டு அட்டை, முகாம் அட்டை என்பன இன்னும் பல வீடுகளில் றங்குப்பெட்டிக்குள் கிடக்கின்றன. தயவு செய்து அவற்றைக் குப்பையில் போட வேண்டாம். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பங்கு அலுவலகத்திலோ உங்கள் ஊர் நூலகத்திலோ கொடுத்து, கொடுத்த திகதியைப் பின்பக்கத்தில் எழுதி ஒப்பமிடுவியுங்கள். மூல அட்டையை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கச்சேரி இலிகிதர்,
குருநகர், யாழ்ப்பாணம்.