துருவப் பயணியின் ஒரு நாளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருவப் பகுதிகளில் தனி ஆளாகப் பனிச்சறுக்குப் பலகையில் பயணம் செய்தவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை, நெடுங்காலம் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஆர்வத்துடன் படித்தேன். மாலையில் என்னிடம் பாடம் கேட்க வரும் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள், யார் முதலில் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஆனால் வாசித்து முடித்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, அவங்க குடிக்கிற தண்ணி எங்கேருந்து வரும்?" என்று கேட்டாள். அதற்குக் கட்டுரையில் விடை இல்லை. கடலை எதிரே வைத்துக்கொண்டு குடிநீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்விதான் அது. அந்தப் பயணத்தின் உயிர்நாடியும் அதுவேதான்.

தனியே செல்பவரின் நாள் கூடாரத்துக்குள் பனியை உருக்குவதில் தொடங்கி, பனியை உருக்குவதிலேயே முடிகிறது. பூஜ்ஜியம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியைத் தண்ணீராக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். அங்கே அந்த வெப்பம் முழுவதையும் எரிபொருளாக, சக்கரமில்லாத பனிவண்டியில் ஏற்றித் தாமே இழுத்துச் சென்றாக வேண்டும். வெறும் பாத்திரத்தில் உலர்ந்த பனியை அள்ளிப் போட்டால் அடி தீயும் என்பதால், ஃபிளாஸ்கில் மிச்சம் வைத்த சிறிது தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் மறுநாள் தயிருக்கு உறை மோர் எடுத்து வைப்பதைப் போல, மறுநாள் தண்ணீருக்கு இன்றைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வைக்கிறார்கள். அடுப்பு எரியும்போது கூடாரத்தின் காற்றுத் திறப்பை மூடிவிட்டால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். திறந்து வைத்தால் குளிர் உள்ளே வரும். அண்டார்க்டிகாவைத் தனியே கடந்த முதல் பெண்ணான ஃபெலிசிட்டி ஆஸ்டன், வழியில் தம் லைட்டர்கள் இரண்டும் பழுதாகிவிட, மிச்சமிருந்த தீக்குச்சிகளை எண்ணி எண்ணிச் செலவழித்தார். தீ இல்லையென்றால் தண்ணீர் இல்லை. அவர் கடந்த 1,744 கிலோமீட்டரைக் காட்டிலும் இந்தத் தீக்குச்சிக் கணக்கே என் மாணவர்களை மௌனமாக்கியது.

கட்டுரையில் பயணிகள் குளிரை வென்றதாக எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அவர்கள் நாள் முழுவதும் அஞ்சி அஞ்சிக் காத்துக்கொள்வது வியர்வையிடமிருந்து. நம் ஊர்க் கத்திரி வெயிலில் வியர்த்த உடம்பில் கடற்காற்று பட்டால் ஆறுதலாக இருக்கிறது. அங்கே வியர்வையில் நனைந்த துணி, நடையை நிறுத்திய சில நிமிடங்களிலேயே உறைந்து உடலின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே புறப்படும்போது சற்றே குளிரும் அளவுக்குத்தான் உடுத்துகிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இழுத்துவிட்டு நின்றவுடன், பசி எவ்வளவு இருந்தாலும், முதலில் தடித்த இறகு அங்கியைப் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி வண்டிமேல் உட்கார்ந்த பிறகே சாக்லேட், பருப்பு வகைகள் என்று வாயில் போடுகிறார்கள். சில நிமிடங்களில் மீண்டும் நடை. இப்படி எட்டு, ஒன்பது மணி நேரம். நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டும் உடல் இளைத்துக்கொண்டேதான் போகும்.

'சறுக்கிச் சென்றார்' என்ற சொல்லாட்சியும் வாசகரைத் திசைதிருப்புகிறது. பலகையின் அடியில், முன்னோக்கி வழுக்கி, பின்னோக்கி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் மயிரிழைப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கொண்டு ஒவ்வோர் அடியாக நடக்கிறார்கள். பலர் புறப்படும் ஹெர்குலிஸ் இன்லெட் என்னும் கரையோரப் பகுதியிலிருந்து தென் துருவம் ஏறத்தாழ 1,130 கிலோமீட்டர். துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது மூட்டை முடிச்சு அனைத்தையும் இடுப்பில் கட்டி இழுத்தபடி மேட்டை நோக்கியே ஏறுகிறார்கள். வழியெங்கும் காற்று செதுக்கிய கெட்டியான பனி வரப்புகள். காற்றடித்த நாளில் நம் கடற்கரை மணலில் விழும் வரிகளைக் காட்டி இதை விளக்கினேன். அவை முழங்கால் உயரத்துக்கும் அதற்கு மேலும் எழுந்து கல்லாக இறுகியிருப்பதாக எண்ணிக்கொள்ளச் சொன்னேன். வெள்ளி பார்த்துக் கரை சேரும் தாத்தாவை உடைய ஒரு மாணவன், அங்கே திசையை எப்படி அறிவார்கள் என்று கேட்டான். அங்கே கோடையில் இரவே இல்லை. சூரியன் வானத்தைச் சுற்றி மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அந்த இடத்தின் உச்சிப்பொழுதில் நிழல் நேராகத் தெற்கே விழுகிறது. கடிகாரத்தையும் தம் நிழலையும் பார்த்தே பெரும்பாலான நேரம் நடக்கலாம். மேகம் கவிந்து தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டால், மார்பில் பொருத்திய திசைகாட்டியின் முள்ளைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

தனியாகச் செல்வது வேறு, வெளியுதவி பெறாமல் செல்வது வேறு என்பதையும் தங்கள் கட்டுரை பிரித்துக் காட்டியிருக்கலாம். 1993ஆம் ஆண்டு ஜனவரியில் 50 நாளில் தென் துருவத்தை அடைந்த எர்லிங் காகே, 1994ஆம் ஆண்டு டிசம்பரில் அடைந்த லிவ் ஆர்னசன் ஆகிய நார்வே நாட்டவர் இருவரும் எல்லாவற்றையும் தாமே இழுத்துச் சென்றார்கள். ஆஸ்டன் வழியில் உணவும் எரிபொருளும் பெற்றுக்கொண்டார். இதனால் யாருடைய பெருமையும் குறையாது.

ஆஸ்டனின் பயணத்தை நான் மறக்க முடியாததற்குக் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் கடலூரைச் சிதைத்தபோது, அவர் அங்கே தன்னந்தனியே நடந்துகொண்டிருந்தார். மின்சாரம் இல்லாத அந்த நாள்களில் என் கைப்பேசியை அணைத்து வைத்திருந்து, மாலையில் ஒரே ஒரு முறை மட்டும் இயக்கி, சென்னையில் இருந்த மகளிடம் நலமாக இருப்பதாகச் சொல்லி மீண்டும் அணைத்துவிடுவேன். துருவப் பயணியும் மின்கலங்களைக் குளிரில் சோர்ந்துவிடாதபடி உடலோடு ஒட்டி வைத்துக் காத்து, கூடாரத்தின் மேல் விரித்த சூரியத் தகட்டில் ஏற்றி, நாள்தோறும் குறித்த நேரத்தில் செயற்கைக்கோள் தொலைபேசியில் தாம் இருக்கும் இடத்தையும் உடல்நிலையையும் சொல்கிறார். அழைப்பு வராமல் போனால் தேடத் தொடங்குவார்கள். அன்று அவர் கேட்கும் ஒரே மனிதக் குரல் அதுவாகவும் இருக்கலாம். ஆஸ்டன் சூரியனோடு பேசத் தொடங்கிவிட்டதாகப் பின்னர் கூறினார். 2016 ஜனவரியில், அண்டார்க்டிகாவைத் தனியே கடக்க முயன்ற பிரிட்டன் நாட்டவர் ஹென்றி வோர்ஸ்லி, பயணத்தின் 71ஆம் நாளில், முடிக்கச் சுமார் 50 கிலோமீட்டரே இருந்த நிலையில் உதவி கேட்டு அழைத்தார். விமானம் அவரைச் சிலி நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அவரைப் பற்றி எழுதுவோர், அந்த அழைப்பைத் தோல்வியாகக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடலுக்குப் போகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பக்கங்களைப் படிக்கிறார்கள்; உதவி கேட்பது இழுக்கு என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

ஆகவே அடுத்த முறை இத்தகைய பயணியைப் பற்றி எழுதும்போது, எழுந்த நேரம் முதல் படுக்கும் நேரம் வரை அவருடைய ஒரே ஒரு நாளை முழுமையாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்ட கழிப்பறைக் கேள்வியையும் விட்டுவிட வேண்டாம்; துருவத்தை ஒட்டிய 89 டிகிரி தென் அட்சரேகைக்குத் தெற்கே செல்வோர் தம் கழிவையும் மூட்டை கட்டித் திரும்ப எடுத்து வருகிறார்கள் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீரைப் பற்றிக் கேட்ட மாணவி, நாளுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டு 50 நாளுக்கு 250 லிட்டர் என்று தன் நோட்டில் எழுதி, அதை உருக்க எத்தனை லிட்டர் எரிபொருள் வேண்டும் என்ற வரிக்கு எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.